ஆட்டத்துக்கும் இயக்குநர் உண்டு!

அல்லிநகரம் பாரதிராஜாவைத் தந்தது. வீடியோ கேம் இயக்குநரை எங்கள் பள்ளத்தாக்கு எப்போது தரும்? (வாசகர், கம்பம்)

பிறந்திருப்பார். இந்நேரம் 'போனைக் கீழே வை' என்று வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டிருப்பார்!

29 வயதாகிறது, ஐ.டி. வேலை. இனிமேல் கேம் பக்கம் போகலாமா? (வாசகர், போடி)

ஜப்பானின் ஹிதேதகா மியாசாகியும் ஐ.டி. வேலையை விட்டுவிட்டு, குறைந்த சம்பளத்துக்கு ஃப்ரம்சாஃப்ட்வேர் என்ற கேம் நிறுவனத்தில் சேர்ந்தது அதே 29 வயதில்தான். ஆண்டு 2004. 2009-ல் 'டீமன்ஸ் சோல்ஸ்' இயக்குநர். 2014-ல் நிறுவனத்துக்கே தலைவர். 2022-ல் வந்த 'எல்டன் ரிங்' உலகையே கட்டிப்போட்டது. சேமிப்பைப் பார்த்துக்கொண்டு துணிந்து இறங்குங்கள்.

நம்ம ஊர்க் கதையை உலகத்தில் யார் விளையாடுவார்கள்? (வாசகி, சின்னமனூர்)

இட்லி அவித்தே பாஃப்டா வாங்கியாயிற்று, தெரியாதா? கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தைச் சமையல் வழியே சொல்லும் 'வெண்பா' (2023), டொரண்டோவில் ஒரு சிறு குழு செய்தது. 2024-ல் சிறந்த அறிமுக கேமுக்கான விருது அதற்குத்தான்.

பென்னிகுயிக் கட்டக் கட்ட வெள்ளம் அடித்துப்போக, மறுபடி கட்டி 1895-ல் முடித்த முல்லைப் பெரியாறு அணையைவிட நல்ல கேம் கதை வேறென்ன வேண்டும்? நீங்களே இயக்குங்கள்.