கணினி டிசைனுக்கு ஒரு பொன்னாடை

பட்டுப்புடவை நெய்யும் ஆரணிக்கு வந்து சேர்ந்த நன்மைகளில் தலையாயது டிசைன் மென்பொருள்தான். மறுப்பவர்களோடு சண்டைக்கு நிற்க நான் தயார்.

முன்பெல்லாம் பார்டருக்கு ஒரு அன்னம் வேண்டுமென்றால் டிசைனர் கிராப் தாளை விரித்துக் கட்டம் கட்டமாக நிரப்புவார். கழுத்து வளையும் இடத்தில் ஜரிகை எத்தனை பாவு இழையைத் தாண்டுகிறது, எங்கே அதைப் பிடித்து நிறுத்துவது என்று விரல் வைத்து எண்ணுவார். சந்தேகம் வந்தால் தறிக்கே போய், "அண்ணா, இது நிக்குமா?" என்று கேட்பார். என்ன அவமானம்! படித்த மனிதர், தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்திருப்பவரிடம் யோசனை கேட்பதா? 1950களில் நெசவாளர் சேவை மையங்களைத் தொடங்கி, கே.ஜி. சுப்ரமணியன் போன்ற ஓவியர்களையே நெசவாளர்களோடு வேலை செய்யவிட்ட அரசு, இந்தக் கெட்ட பழக்கத்துக்குச் சம்பளமும் கொடுத்தது. மென்பொருள் வந்தது, மானம் பிழைத்தது.

அதன் பெருந்தன்மையைச் சொல்லி மாளாது. 'முடியாது' என்ற சொல்லே அதற்கு வராது. தறிமேல் உட்கார்ந்து பாவு இழைகளைத் தூக்கும் ஜக்கார்டு பெட்டிக்கு 240 ஊக்கு என்றால் 240தான், ஒன்று கூடத் தராத கருமி. திரையில் யானை, யானைமேல் அம்பாரி, அம்பாரிக்குள் ராஜா, ராஜாவின் மீசைக்கு முறுக்கு என எல்லாம் உண்டு. நிறமோ 1 கோடியே 67 லட்சம். அத்தனையும் கண்ணாடிக்கு உள்ளேயே பத்திரமாக இருக்கின்றன, சாயத்தொட்டியில் இறங்கி அழுக்காவதில்லை. நெசவுக்கென்றே எழுதிய மென்பொருள்களில், ஜரிகை பிடிப்பில்லாமல் ஓடும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் வசதி இருக்கிறது. அந்தக் கோள்மூட்டிகள் எதற்கு? பிளெக்ஸ் பேனருக்கு வாங்கியதிலேயே பட்டுப்புடவையும் முடிந்துவிடுகிறதே.

அப்படிப் பிறந்த அன்னத்தின் உள்பக்கத்தில் ஜரிகை விரல் நீளத்துக்குத் தொங்கும். வளையலில் மாட்டும், கொலுசில் மாட்டும். கட்டியவரை விட்டுப் பிரிய மனமில்லாத புடவை வேறெந்த ஊரில் கிடைக்கும்?

கணினிக்குத் தறியோடு உறவு உண்டு என்று சிலர் பழங்கதை பேசுவார்கள். 1804இல் பிரான்சின் ஜக்கார்டு என்பவர் துளையிட்ட அட்டைகளால் இழைகளைத் தூக்கவைத்தார். அந்த அட்டையைத்தான் இங்கிலாந்தின் பாபேஜ் 1830களில் தம் கணக்கு எந்திரத்துக்கு எடுத்துக்கொண்டார். இருக்கட்டுமே, தலையெடுத்த பிள்ளை தாத்தாவிடம் கேட்டுக்கொண்டா நடக்கும்?

மென்பொருளும் ஒரு காலத்தில் நாகரிகம் தெரியாமல்தான் இருந்தது. 1976இல் வில் க்ரௌதர் என்ற அமெரிக்கர் எழுத்தாலேயே ஆடும் ஒரு குகை விளையாட்டை எழுதினார். நாம் கட்டளையைத் தட்டினால் கதை அதற்கேற்ப நகரும். புரியாத சொல்லைத் தட்டினாலோ, தனக்குத் தெரியவில்லை என்று அது வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்ளும். அந்த நாகரிகமற்ற காலம் மலையேறிவிட்டது. இன்றைய மென்பொருளுக்குப் பட்டும் தெரியாது, பாவும் தெரியாது. ஆனால் தெரியாது என்று அது ஒருபோதும் சொல்லாது. அத்தனை தன்னடக்கம்.

மின்னணுவியலையும் விட்டுவிடக் கூடாது. 1983இல் மிலான் கண்காட்சியில் அட்டையே இல்லாத மின்னணு ஜக்கார்டு அறிமுகமானது. இப்போது நம் கைத்தறிகளுக்கும் அந்த வகை வருகிறது. அட்டையில் ஓட்டை தப்பாக விழுந்தால் நெசவாளரே காகிதத் துண்டை ஒட்டி வேலையைத் தொடர்ந்துவிடுவார். மின்பலகை அவ்வளவு மலிவானதல்ல. பழுதானால் வெளியூரிலிருந்து ஆள் வர வேண்டும், அதுவரை தறிக்கு விடுமுறை. பண்டிகைக்கும் ஓய்வெடுக்காத நெசவாளருக்கு இப்படியாவது நாலு நாள் ஓய்வு கிடைக்கட்டும். கூலி கிடைக்காது என்பது சின்ன விஷயம்.

சமத்துவத்தில் மென்பொருளை மிஞ்ச ஆளில்லை. கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கி 1985இல் சட்டம் வந்தது. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. டிசைன் கோப்புக்கு இந்தப் பாகுபாடெல்லாம் கிடையாது. கைத்தறியில் முதல் புடவை அறுத்து இறங்குவதற்குள் வாட்ஸ்அப்பில் ஏறி விசைத்தறிக்குப் போய்ச் சேர்ந்துவிடும். வரைந்தவர் பெயரை அது எங்கும் சொல்வதில்லை, புகழை விரும்பாத கலைஞர்களுக்கு இதைவிட என்ன மரியாதை வேண்டும்?

ஆரணிக்குப் புடவை எடுக்க வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடையில் முந்தானையை விரித்துக் காட்டுவார்கள், கண் குளிரப் பாருங்கள். தயவுசெய்து உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிடாதீர்கள். மென்பொருளின் மனம் புண்படும்.