புதூர் அண்ணாச்சி பதில்கள்: வேஷத்துக்கு ஒரு விரதம்

பேரப்பிள்ளைகள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடையை உருட்டி, ‘நான் குள்ளன்’, ‘நான் பறவை மனுஷன்’ என்று பொழுதெல்லாம் பேசுகிறார்கள். கட்டமும் இல்லை, காயும் இல்லை. இது என்ன விளையாட்டு அண்ணாச்சி?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், விளாத்திகுளம்)

எல்லாரும் சேர்ந்து கதை கட்டுகிற விளையாட்டு, சார். ஆளுக்கொரு பாத்திரம். ஒருவர் மட்டும் கதையை நடத்துவார். ஊர், வழி, எதிரி, சந்தையில் குத்தவைத்திருக்கும் கிழவி எல்லாம் அவர் குரல்தான். தோல்பாவைக் கூத்தில் திரைக்குப் பின்னால் இருந்து ஒரே ஆள் ராமனுக்கும் அனுமனுக்கும் கோமாளி உளுவத்தலையனுக்கும் பேசுவாரே, அந்த இடம் அவருக்கு. ஆனால் இங்கே பாவைக்கும் வாய் உண்டு. ‘நான் காட்டுக்குப் போகமாட்டேன்’ என்று ராமனே சொல்லிவிடலாம். அதன் பிறகு என்ன நடக்கும் என்பதைப் பகடை சொல்லும்.

1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்று இதை அச்சிட்டார்கள். மனிதன் அல்லாத பாத்திரம் அந்த முதல் கையேட்டிலேயே உண்டு. எல்ஃப், குள்ளர், ஹாபிட் மூவரும் இருந்தார்கள். ஹாபிட் டோல்கீன் நாவலிலிருந்து வந்தவர். உரிமை வைத்திருந்தவர்கள் வழக்கறிஞர் மூலம் எதிர்ப்புத் தெரிவிக்கவே, பின்னால் வந்த பதிப்புகளில் அவர் ‘ஹாஃப்லிங்’ ஆனார்.

பேரப்பிள்ளைகள் கூப்பிட்டால் நீங்களும் உட்காருங்கள். வகுப்பில் பாடம் நடத்தியவருக்குக் கதை நடத்த வரும்.

நான் எல்ஃப். கூட விளையாடுகிறவன், ‘நீ காது கூரான மனுஷன், அவ்வளவுதான்’ என்கிறான். அவன் சொல்வது சரியா?
(கல்லூரி மாணவர், கோவில்பட்டி)

இப்போதைக்குச் சரி, தம்பி. ஆனால் மாற்றிவிடலாம்.

நம் மாவட்டத்துக் கடற்கரையில் குலசேகரன்பட்டினம், நம் குலசை, இருக்கிறது. முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு எத்தனை வேஷம் வருகிறது என்று பார்த்திருப்பாய். காளி, அனுமன், குரங்கு, கரடி, சுடலைமாடன், ராஜா, போலீஸ். அந்த வேஷங்கள் வண்ணப்பொடியில் தொடங்குவதில்லை. நேர்ந்துகொண்டவர் 48 நாள், 41 நாள், 21 நாள் என்று அவரவர் நேர்ச்சைப்படி விரதம் இருக்கிறார். காளி வேஷம் என்றால் விரதம் இன்னும் கடுமை. ஊர்க்கோயில் பக்கம் குடில் போட்டுத் தங்குகிறார்கள். சாப்பாடு மாறுகிறது, படுக்கை மாறுகிறது, பேச்சு குறைகிறது. கொடியேறியதும் காப்புக் கட்டி, அதற்குப் பிறகுதான் சடையும் கிரீடமும் ஏறும். வீடு வீடாகப் போய்த் தர்மம் எடுத்து அம்மன் உண்டியலில் சேர்க்கிறார். தெருவில் அந்த ஆள் நடந்து வரும்போது பார்க்கிறவர் ஒதுங்கி நின்று கும்பிடுகிறார் என்றால், அட்டையில் செய்த நாக்குக்காக மட்டும் இல்லை. இத்தனை நாள் அவர் எதையெல்லாம் துறந்திருந்தார் என்று தெருவுக்குத் தெரியும்.

உன் எல்ஃபுக்கு விரதம் எங்கே? காது கூராக இருப்பது, இருட்டில் கண் தெரிவது எல்லாம் வரவு. அது செய்யாதது எது, செய்ய முடியாதது எது என்று எழுது. விதிப்புத்தகமே உனக்கு இரண்டு கொடுத்திருக்கிறது. எல்ஃப் தூங்காது. நான்கு மணி நேரம் தியானம் போல உட்கார்ந்தால் போதும். ஆயுள் 750 வருஷம் வரை. இந்த இரண்டையும் கரிசல் காட்டில் வைத்துப் பார். உனக்கு 300 வயது என்றால் 1799 அக்டோபர் 16-ஆம் தேதி கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டபோது நீ வாலிபம். கூட்டத்தில் நின்றாயா, முன்னாலேயே ஊரைவிட்டுப் போனாயா? இன்றைக்குப் பழகுகிற நண்பன் கிழவனாகிச் சாவதை எத்தனையாவது தடவையாகப் பார்க்கப் போகிறாய்? அப்படியானவன் புது ஆளிடம் லேசில் பேர் கேட்பானா? எல்லாரும் தூங்கும்போது விழித்திருக்கும் நான்கு மணி நேரத்தில் என்ன செய்வான்? இதற்கெல்லாம் பதில் எழுதிவிட்டு நண்பன் முன்னால் உட்கார். காதைப் பற்றி அவன் வாயே திறக்கமாட்டான்.

எங்கள் குழுவில் எல்லாருக்கும் பறக்கிற இனம்தான் வேண்டுமாம். கதை நடத்துகிறவள் நான். சுவர், ஆறு, பள்ளம் எது வைத்தாலும் பறந்து போய்விடுகிறார்கள்.
(வாசகி, கயத்தாறு)

ஆடிக்காத்தில் அம்மியே பறக்கும் ஊரில் இருந்துகொண்டு நீங்கள் பறக்கிறவர்களுக்குப் பயப்படலாமா? காற்றை அவிழ்த்துவிடுங்கள். உங்கள் ஊரைச் சுற்றிக் காற்றாலைகள் நிற்கின்றன. அந்த இறக்கைகளுக்கு நடுவே ஒருமுறை பறக்கச் சொல்லுங்கள். ‘ஆரக்கோக்ரா’ என்ற பறவை இனத்துக்கு விதியிலேயே ஒரு கட்டு உண்டு, கனத்த கவசம் போட்டால் எழும்ப முடியாது. அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று: நடக்கத்தான் தெரிந்த கூட்டாளி கீழே மாட்டிக்கொண்டால் மேலே இருப்பவர் என்ன செய்வார்? அந்தக் கட்டத்தை அடிக்கடி கொண்டுவாருங்கள்.

கழுகாக விளையாடலாமா?
(வாசகர், கழுகுமலை)

உங்கள் ஊர்க்காரர் கேட்காமல் வேறு யார் கேட்பது! சம்பாதி முருகனைக் கும்பிட்ட மலை என்று தலபுராணம் சொல்கிறதே.

பாத்திரம் உருவாக்கப் பழகுகிறவர் எல்லாருக்கும் நான் சம்பாதியைத்தான் காட்டுவேன். தம்பி சடாயுவோடு சூரியனை நோக்கிப் பறந்தான். வெயில் தம்பியைச் சுடப்போன நேரம், தன் சிறகை விரித்து மறைத்தான். தம்பி பிழைத்தான், இவன் சிறகு எரிந்து மலையில் விழுந்தான். அதற்குப் பிறகு பறக்க முடியாத கழுகு. ஆனால் கண் போகவில்லை. சீதை எங்கே என்று வானரர்கள் திக்குத் தெரியாமல் கடற்கரையில் உட்கார்ந்திருந்தபோது, கடலுக்கு அப்பால் இலங்கையில் அவள் இருப்பதைச் சொன்னது இந்தக் கண்தான்.

ஒரு பலம், ஒரு இழப்பு, அந்த இழப்புக்கு ஒரு காரணம். காரணமும் பாசம். இந்த மூன்றும் கழுகின் உடம்போடு ஒட்டியவை. சம்பாதியை மனிதனாக மாற்றிப் பாருங்கள், கதை நிற்காது. உங்கள் பாத்திரத்துக்கும் இதே சோதனை வையுங்கள். மனிதனாக்கினாலும் கதை அப்படியே ஓடுகிறது என்றால், நீங்கள் இன்னும் வேஷம் கட்டவில்லை.

நண்பன் பூனை மனிதனாகச் சேர்ந்தான். மூன்று மணி நேரமும் ‘மியாவ்’ தவிர வேறு பேச்சில்லை. என்ன செய்ய?
(தீப்பெட்டித் தொழிற்சாலை ஊழியர், கோவில்பட்டி)

‘உனக்கு என்ன வேண்டும்?’ என்று கேளுங்கள். பூனைக்கும் ஆசை, பயம், கோபம் உண்டு. அதற்குப் பதில் சொல்ல ‘மியாவ்’ போதாது என்று அவரே கண்டுகொள்வார்.

இந்த விளையாட்டிலும் சாதி இருக்கிறதா? இன்ன இனத்தில் பிறந்தால் இன்ன புத்தி, இவ்வளவுதான் உயரலாம் என்று எழுதியிருப்பதைப் படித்ததும் எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது.
(நூலக வாசகர், ஓட்டப்பிடாரம்)

பிடிக்காமல் போனது நியாயம். இருந்தது, ஐயா. 1974 விதிப்படி குள்ளர் ஆறாம் படிக்கு மேல் ஏற முடியாது, ஹாபிட்டுக்கு நான்கோடு சரி. மனிதனுக்கு மட்டும் எல்லை இல்லை. மனிதரை நடுவில் வைத்த உலகம் வேண்டும் என்று கைகாக்ஸ் நினைத்தார். அந்த மேல்வரம்பு 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் ஒழிந்தது. ஆனாலும் ‘இந்த இனத்துக்குப் பலம் கூட, அந்த இனத்துக்கு அறிவு கூட’ என்ற பிறவிக் கணக்கு நீடித்தது. 2020-இல் வந்த ஒரு துணைநூல், அந்தக் கூடுதலை ஆடுகிறவர் விருப்பம்போல் மாற்றிக்கொள்ளலாம் என்றது. 2024 கையேட்டில் அது இனத்தைவிட்டே நீங்கி, பாத்திரம் வளர்ந்த பின்னணியோடு சேர்ந்துவிட்டது. ஒரு காலத்தில் வெட்டுப்படுவதற்கென்றே வந்துகொண்டிருந்த ஓர்க் என்ற இனம், அதே கையேட்டில் எல்லாரும் எடுத்து ஆடக்கூடிய பத்து வகைகளில் ஒன்று.

சிலருக்கு இந்த மாற்றம் வருத்தம், ருசி போய்விட்டது என்கிறார்கள். நான் மாற்றத்தின் பக்கம். சிறகு பிறப்பில் வரும், செதில் பிறப்பில் வரும். திருட்டும் கொடுமையும் மந்தபுத்தியும் பிறப்பில் வரும் என்று ஒரு வரி எழுதினால், அந்த வரி எங்கிருந்து வந்தது என்று நம் மண்ணில் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். கற்பனை இனத்துக்கு உயிரோடு இருக்கும் ஒரு சமூகத்தின் உடையையும் பேச்சையும் மாட்டிவிட்டுச் சிரிப்பது தவறு. குறவன் குறத்தி ஆட்டம் என்ற பேரில் மேடையில் நடந்த ஆபாசம் தங்களை இழிவுபடுத்துகிறது என்று அந்த மக்கள் பல காலம் சொல்லிவந்தார்கள். 2023-இல் தமிழக அரசு அந்த ஆட்டத்துக்குத் தடை போட்டது. மேடைக்குப் பொருந்துகிற நியாயம் மேசைக்கும் பொருந்தும்.

வெளிநாட்டு விளையாட்டில் நம் ராட்சசனுக்குப் புலித்தலை வைத்திருக்கிறார்களாமே?
(வாசகர், நாகலாபுரம்)

உண்மைதான். 1970-களிலிருந்தே அவர்களுடைய ராட்சசன் விலங்குத்தலையோடு வருகிறான். பெரும்பாலும் புலித்தலை, பட்டு அங்கி, உள்ளங்கை பின்பக்கம் திரும்பிய கை. ராட்சசனை விளையாட்டில் சேர்க்கும் யோசனை ஒரு அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரைப் பார்த்து வந்தது. தலை எதுவானாலும் எனக்குச் சண்டையில்லை. குலசையில் சூரசம்ஹாரத்தன்று மகிஷாசுரனே சிங்கமுகம், எருமைமுகம், சேவல் என்று தலை மாற்றி மாற்றித்தானே வருகிறான்.

என் குறை வேறு. அவர்கள் ராட்சசனுக்கு அண்ணன் தம்பி கிடையாது. நம்மிடம் ஒரே வயிற்றில் மூன்று பேர். இராவணன் கேட்கவில்லை. வீடணன் நியாயத்தைச் சொல்லிப் பார்த்துவிட்டு வெளியேறினான். கும்பகர்ணனும் நியாயத்தைச் சொன்னான், பிறகு தோற்பது தெரிந்தே அண்ணனுக்காகப் போர்க்களம் போனான். ஓர் அரக்கனாக விளையாட வேண்டும் என்றால் இந்த மூன்று வழியில் உன் வழி எது என்று கேட்டுக்கொண்டு தொடங்கு.

கொல்கத்தாவில் வளர்ந்த எழுத்தாளர் மிமி மண்டல், வங்கத்து ஆற்றங்கரையை நினைவூட்டும் ஒரு நாட்டை உருவாக்கி 2022-இல் இதே விளையாட்டுக்குக் கதை எழுதியிருக்கிறார். கரிசலுக்கு யாரும் எழுதியதாக எனக்குத் தெரியவில்லை. நாகலாபுரத்திலிருந்து ஒருவர் தொடங்கினால் என்ன?

மகன் பாம்பு மனிதனாக விளையாடுகிறான். ஒரு நாள் சாப்பிடும்போதும் அதே சீறல். ஏதாவது பிடித்துக்கொள்ளுமோ என்று பயமாக இருக்கிறது.
(ஒரு தாய், எட்டயபுரம்)

பயப்படாதீங்க அக்கா. அமெரிக்காவிலும் 1980-களில் இந்தப் பயம் பெரிதாகக் கிளம்பி அடங்கியது. சாமியாடிக்கு அருள் வருவது வேறு, அதில் ஊரின் நம்பிக்கை இருக்கிறது, அதை விளையாட்டோடு சேர்க்கக் கூடாது. உங்கள் மகன் தான் யார் என்று தெரிந்தேதான் சீறுகிறான். ஆனால் ஒரு ஒழுங்கு வேண்டும். குலசையில் சம்ஹாரம் முடிந்ததும் காப்பை அவிழ்த்துவிட்டுத்தானே வீட்டுக்கு வருகிறார்கள்? ஆட்டம் முடிந்ததும் எல்லாரும் தத்தம் சொந்தப் பேரைச் சொல்லி, அன்றைக்கு எது பிடித்தது, எது மனசைக் குத்தியது என்று இரண்டு வார்த்தை பேசிவிட்டு எழச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு சோற்றுத் தட்டில் பாம்பு வராது.

இருபது முகப் பகடை இங்கே கடையில் கிடைக்கவில்லையே?
(பாலிடெக்னிக் மாணவர், சாத்தூர்)

வீட்டில் தாயக்கட்டை இருக்கும், பாட்டியிடம் கேள். இரண்டு கட்டை, ஒவ்வொன்றிலும் ஒன்று, இரண்டு, மூன்று, வெறுமை என நான்கு பக்கம். மொத்தம் 16 விதமாக விழலாம். மூன்று விழ நான்கு வழி, அதுதான் அதிகம். தாயம் விழ இரண்டே வழி. இரண்டும் வெறுமையாக விழுந்து பன்னிரண்டு ஆவதற்கு ஒரே வழி. இருபது முகப் பகடையில் உச்ச எண் இருபதில் ஒரு தடவை, இங்கே பன்னிரண்டு பதினாறில் ஒரு தடவை. அதிசயத்துக்குப் பன்னிரண்டை வைத்துக்கொள். நான்குக்கு மேல் விழுந்தால் காரியம் முடிந்தது, நான்கு என்றால் ஏதாவது ஒன்றை இழந்து முடிந்தது, இரண்டும் மூன்றும் தோல்வி. தாயம் விழுந்தால் மட்டும் உன் பாத்திரத்தின் பிறவிக் குணம் பேசட்டும்: கழுகுக்குக் கண், பாம்புக்கு மோப்பம்.

எல்ஃப் வேண்டாம், குள்ளர் வேண்டாம். எங்க காட்டிலேர்ந்தே ஒரு இனம் வேணும் அண்ணாச்சி.
(பத்தாம் வகுப்பு மாணவி, புதூர்)

நீ கேட்டதற்குத்தான் தாயி நான் இந்த வாரம் காத்திருந்தேன். வல்லநாட்டு வெளிமானை எடுக்கலாம், பனையில் குடியிருக்கும் முனியை எடுக்கலாம். ஆனால் காலடியிலேயே ஒன்று கிடக்கிறது. கரிசல் மண்ணால் ஆன ஆள்.

கரிசல் என்ன செய்யும் என்று உனக்குத் தெரியும். தண்ணீர் குடித்தால் உப்பும். சித்திரை வெயிலில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். மழை பெய்தால் மிதித்தவர் காலைப் பிடித்துக்கொண்டு விடாது. ஈரத்தை உள்ளே பதுக்கி வைத்து, மழை போன பிறகும் பருத்தியையும் உளுந்தையும் வளர்க்கும். இதை அப்படியே உடம்பாக்கு. கோடையில் உன் ஆளுக்கு மேலெல்லாம் வெடிப்பு, அடி பட்டால் இரண்டு பங்கு வலி. ஐப்பசி மழையில் காயம் தானாக மூடும், ஆனால் வேகமாக நடக்க முடியாது. உள்ளே வைத்திருக்கும் ஈரத்தைத் தாகத்தில் இருக்கும் கூட்டாளிக்குக் கொடுக்கலாம், கொடுத்தால் தன் வெடிப்பு பெரிதாகும். வெடிப்புக்குள் விழுந்ததை மறக்காது. தாத்தா காலத்தில் தொலைந்த மூக்குத்தி எங்கே என்று கேட்டால் சொல்லும்.

விரதம் என்ன வைப்பாய் என்று நீயே முடிவு செய். நான் ஒன்று மட்டும் சொல்கிறேன், அது யாரையும் ‘நீ எந்த ஊர், எந்தத் தெரு’ என்று கேட்கக் கூடாது. பேரும் நீயே வை. நான்கு கூட்டாளிகளைச் சேர்த்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆடிப் பார்த்துவிட்டு எழுது. எந்த விதி ஓடியது, எது மக்கர் செய்தது என்று அடுத்த இதழில் பேசுவோம்.