பேராண்டிக்குக் கொஞ்சம் புத்திமதி

சண்டை போடுறதுன்னு ஆயிப்போச்சுன்னா முறையாப் போடணும் பேராண்டி. விண்டோஸா லினக்ஸான்னு நீயும் உன் மாமன் மகனும் கத்துன கத்துல, பாகப்பிரிவினைத் தகராறுன்னு நெனச்சு எதுத்த வீட்டுக்காரன் எட்டிப் பாத்துட்டுப் போறான். ஏண்டா, பில் கேட்ஸ் உன் மாமன் மகனுக்குப் பங்காளியா, இல்ல லினஸ் டோர்வால்ட்ஸ் உனக்கு மச்சினனா?

நான் ரைஸ்மில்லுல மூட்டைக்கணக்குப் பாத்தவன், எனக்கென்ன தெரியும்! இருந்தாலும் விண்டோஸை இவ்வளவு வையுறியே, வையுறதுக்கு முன்னாடி அதுல ஒரு ஃபோல்டர் தொறந்து, சி, ஓ, என்னுன்னு மூணே எழுத்துல பேரு வச்சுக் காட்டு பாப்போம். ஆகாதுங்கும். விண்டோஸுக்கு முந்தின டாஸ் காலத்துல கீபோர்டுக்கும் திரைக்குமா சேத்து எழுதி வச்ச பேரு அது. டாஸுக்குப் பாலூத்தி எத்தனையோ வருஷம் ஆச்சு, அந்தப் பேரை மட்டும் இன்னும் யாரையும் தொட விடல.

சிரிக்கிறியா? சிரி. அந்தக் குணம் இருக்கப்போய்த்தான் மில்லுல அந்தக் காலத்துல வாங்குன கணக்கு புரோகிராம் புதுப் பொட்டியிலயும் ஓடுது. இன்னொரு கதையும் கேளு. சிம்சிட்டின்னு ஒரு விளையாட்டு. திருப்பிக் குடுத்துட்ட மெமரியை மறுபடியும் எட்டிப் படிக்கிற கெட்ட பழக்கம் அதுக்கு. பழைய விண்டோஸ்ல அது வெளிய தெரியல. விண்டோஸ் 95ல கவுந்துருச்சு. மைக்ரோசாஃப்ட்காரன் விளையாட்டுக்காரனோட மல்லுக்கு நிக்கல. ஓடுறது சிம்சிட்டியா இருந்தா மெமரியை உடனே புடுங்காதேன்னு விண்டோஸுக்குள்ளயே எழுதி வச்சுட்டான். அடுத்தவன் செஞ்ச தப்பை எவன்டா இப்படிச் சொமப்பான்?

ஆப்பிள் வச்சிருக்காளே உங்க அக்கா, அவகிட்ட மட்டும் ரெண்டு பேரும் வாயே தொறக்க மாட்டேங்குறீங்க. விலையைக் கேட்டதுல அடைச்சுப்போச்சு போல. அது பழசைக் கண்டா இரக்கமே படாத சாதி. 2006ல இன்டெல் சிப்புக்கு மாறுச்சு. 2019ல 32 பிட் புரோகிராமையெல்லாம் வாசலோட நிறுத்துச்சு. 2020ல இன்டெலையும் கைகழுவிட்டுச் சொந்தமா எம்1னு எறக்குச்சு. மிஷினும் அவனுது, உள்ள ஓடுறதும் அவனுதுங்கிறதால மூடியைத் தெறந்ததும் முழிச்சுக்குது, சார்ஜரைத் தேடி அலைய வேண்டியதில்ல. இன்னொண்ணு, நீ கும்புடுற யுனிக்ஸ் வம்சந்தான் அதுவும். 2007லயே முறைப்படி சான்றிதழும் வாங்கிருச்சு. அக்காகிட்டச் சொல்லிறாத, ஏற்கெனவே தலை கனத்துக் கெடக்கு.

சரி, உன் சாமி லினக்ஸுக்கு வருவோம். 1991ல ஹெல்சின்கியில படிச்சுக்கிட்டிருந்த பய பொழுதுபோக்கா ஆரம்பிச்சது, 2017ல இருந்து உலகத்து முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்லயும் உக்காந்திருக்கு. ஆண்ட்ராய்டு போனுக்கு அடியில அதான். 2021ல செவ்வாய்க் கிரகத்துல பறந்துச்சே இன்ஜெனுயிட்டி ஹெலிகாப்டர், அதுலயும் அதான். உன் ரூம்ல இருக்குற பிரிண்டருக்கு மட்டும் அதைக் கண்ணு தெரியல! விடியவிடியக் கறுப்புத் திரையில என்னமோ தட்டிக்கிட்டு இருந்தியே. குத்தம் லினக்ஸ் மேல இல்லடா, டிரைவர் எழுதிக் குடுக்காதவன் மேல. தெரியும், நீ ஆரம்பிக்காத.

அதுல எனக்குப் புடிச்சது வேற. ஓடிக்கிட்டிருக்குற புரோகிராமோட ஃபைலையே அழிச்சாலும் அது பாட்டுக்கு ஓடும். பேருதான் போகும்; புடிச்சிருக்குற கடைசி ஆளு விடுற வரைக்கும் சரக்கு உள்ளயே இருக்கும். விண்டோஸ்ல அதே வேலைக்குப் போனா, இதை வேற எவனோ வச்சிருக்கான்னு பெரும்பாலும் மறிச்சு நிக்கும். சர்வர்காரன் எல்லாத்தையும் ஓட்டத்துலயே புதுசு பண்ணிட்டு, கெர்னலை மாத்துறப்ப மட்டும் ரீஸ்டார்ட் பண்ணுறான்னா இந்தச் சூட்சுமமும் ஒரு காரணம்.

இப்படி அடிச்சுக்கிறீங்களே, 2011ல நம்ம கவர்மென்டு ஆரம்பிச்ச இலவச லேப்டாப்புல விண்டோஸையும், சி-டாக்காரன் செஞ்ச பாஸ் லினக்ஸையும் சேத்துத்தான் போட்டுக் குடுத்தாக. ஒரே பொட்டிக்குள்ள ரெண்டும் அடிச்சுக்காமத்தான் கெடந்துச்சு.

வாய் ஓஞ்சிருந்தா ஒரு வேலை இருக்கு. அத்தை வீட்டு லேப்டாப்பை விண்டோஸ் 11 சேத்துக்க மாட்டேங்குது, டிபிஎம் 2.0 இல்லையாம். விண்டோஸ் 10க்கு வழக்கமா வர்ற அப்டேட்டும் 2025 அக்டோபரோட நின்னுபோச்சு. உன் லினக்ஸ் மின்ட்டைப் போட்டுக் குடு. மில்லுப் பொட்டிப் பக்கம் மட்டும் போயிறாத, டேலி ஓடலைன்னா முதலாளி என் வேட்டியை உருவிருவாரு. அத்தை பக்கத்துல உக்காந்து கட்டற்ற மென்பொருள் தத்துவமெல்லாம் பேசாத. யூட்யூப் எங்க இருக்குன்னு காட்டிட்டு, குடுக்குற காப்பியைக் குடிச்சுப்பிட்டு வந்துரு.