குரங்கு பிடிக்கப் போய்ப் பிள்ளையார் ஆன கதை

நிலக்கரிப் புகையோடு பிரிட்டன் போட்ட சண்டைக்கு வயது 750க்கு மேல். முதலில் தோற்றது ஒரு மகாராணி. 1257இல் மூன்றாம் ஹென்றியின் மனைவி எலினோர் நாட்டிங்ஹாம் கோட்டையில் தங்கப் போனார். ஊரார் எரித்த கரிப்புகை தாங்காமல் மூட்டை முடிச்சோடு வேறு கோட்டைக்குக் கிளம்பிவிட்டார். அம்மா இருமியது மகனுக்கு மறக்கவில்லை போலிருக்கிறது. முதலாம் எட்வர்டு அரியணையில் இருந்தபோது, 1306வாக்கில், லண்டனில் நிலக்கரி எரிக்கத் தடை போட்டார். ஆனால் விறகு விலை ஏறிக்கொண்டிருந்தது. குளிரும் ராஜாவுக்குப் பயப்படுகிற ரகமில்லை. ஜனங்கள் ஆணையைப் பயபக்தியோடு கேட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் அடுப்பில் இன்னும் இரண்டு கரித்துண்டு போட்டார்கள்.

1661இல் ஜான் எவ்லின் என்ற அறிஞர், புகை விடும் தொழில்களை ஊருக்கு வெளியே துரத்திவிட்டு, லண்டனைச் சுற்றி வாசனைச் செடி நடலாம் என்று இரண்டாம் சார்லஸ் மன்னருக்குப் புத்தகமே எழுதிக் கொடுத்தார். மன்னர் ரொம்ப சந்தோஷப்பட்டார். அதோடு சரி. புகை குறைவதற்குப் பதிலாக, 1882இல் எடிசன் ஆட்கள் லண்டன் ஹோல்பர்ன் பாலத்தருகே நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுத்து ஊருக்கு விற்கத் தொடங்கினார்கள். உலகத்திலேயே அதுதான் முதல் தடவை.

அப்புறம் 1952 டிசம்பர். நல்ல கரியை அரசு ஏற்றுமதி செய்து காசு பார்த்தது; தூளும் துகளுமாக மிஞ்சியதைச் சொந்த ஜனங்கள் எரித்தார்கள். 5ஆம் தேதி லண்டனில் இறங்கிய புகைமூட்டம் ஐந்து நாள் நகரவில்லை. பஸ்ஸுக்கு முன்னால் நடத்துநர் விளக்கோடு நடந்து வழி காட்டினார். சாட்லர்ஸ் வெல்ஸ் அரங்குக்குள்ளேயே புகை நுழைந்து, மேடையில் பாடுகிறவர் யாரென்று தெரியாமல் ஆபெராவைப் பாதியில் நிறுத்தினார்கள். செத்தவர்கள் ஆயிரக்கணக்கில். அரசோ, அதில் பலரைக் கொண்டுபோனது ஃப்ளூ காய்ச்சல்தான் என்று சாதித்தது. எதிர்ப்பு வலுத்த பிறகே 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது.

இத்தனை பேர் நல்லெண்ணத்தோடு முயன்றும் அசையாத கரியை அசைத்தவர், சுற்றுச்சூழலை மனதில் வைக்காமலேயே அதைச் செய்தார். அவர் பிரதமர் மார்கரெட் தாட்சர். 1984 மார்ச்சில் சுரங்கங்களை மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. தொழிற்சங்கத் தலைவர் ஆர்தர் ஸ்கார்கில் வேலைநிறுத்தத்தில் இறங்கினார். ஒரு வருஷம் அடிதடி. கடைசியில் சங்கத்தின் முதுகெலும்பு முறிந்தது. சுரங்க ஊர்கள் நடுத்தெருவுக்கு வந்தன. அம்மையாரின் குறி சங்கம்தான். துருவக் கரடி அல்ல. 1990இல் மின்துறை தனியார் கைக்குப் போனதும், முதலாளிகள் மலிவாகக் கிடைத்த வடகடல் எரிவாயுவின் பின்னால் ஓடினார்கள். 1990இல் மின் உற்பத்தியில் பேருக்குக்கூட இல்லாத எரிவாயு, பத்தே வருஷத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. உலக நாடுகளோ கார்பன் கணக்கை எந்த வருஷத்திலிருந்து எழுத ஆரம்பித்தன? அதே 1990. இப்படி ஒரு யோகம் லாட்டரியில்கூட அடிக்காது. வேதியியல் படித்த தாட்சர், 1989இலேயே ஐ.நா. சபையில் புவி வெப்பமாவது பற்றி உருக்கமாகப் பேசியும் வைத்திருந்தார்.

புண்ணியக் கணக்கு ஏற ஏறத் துணிச்சலும் ஏறியது. 2008 அக்டோபரில் மக்களவை பருவநிலைச் சட்டத்தை நிறைவேற்றிய நாளில், அக்டோபரில் லண்டன் பல பத்தாண்டுகளாகக் காணாத பனி வெளியே கொட்டிக்கொண்டிருந்தது. எதிர்த்து வாக்களித்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். 2050க்குள் புகையை 80 சதவீதம் குறைப்பதாக அந்தச் சட்டம் வாக்குக் கொடுத்தது. 2019இல், ராஜினாமாவை அறிவித்துவிட்டுப் பெட்டி கட்டிக்கொண்டிருந்த பிரதமர் தெரசா மே, அதையே 100 ஆக்கினார். மக்களவையில் விவாதம் ஒன்றரை மணி நேரம், வாக்கெடுப்பே கிடையாது. செலவு, அடுத்து வருகிறவர் பாடு. அப்படி வந்த போரிஸ் ஜான்சன், 2021இல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் உலகத்துக்கே உபதேசம் செய்துவிட்டு, லண்டன் விருந்துக்குத் தனி விமானத்தில் பறந்தார்.

உருப்படியான வேலையைச் செய்தது சொற்பொழிவு அல்ல, வரி. 2013இல் கரியமிலவாயுவுக்கு விலை வைத்தார்கள். சீக்கிரமே அது டன்னுக்கு 18 பவுண்டு ஆனது. 2012இல் மின்சாரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு கொடுத்த நிலக்கரி, 2020இல் 2 சதவீதத்துக்கும் கீழே போனது. காலியான இடத்தில் எரிவாயுவும் கடல் காற்றாலைகளும் உட்கார்ந்தன. 2024 செப்டம்பர் 30 அன்று கடைசி நிலக்கரி மின்நிலையமான ராட்கிளிஃப் அணைந்தது. அது இருப்பது நாட்டிங்ஹாம்ஷயரில். எலினோர் மகாராணிக்குத் தகவல் சொல்லத்தான் ஆளில்லை.

கணக்கில் கைவரிசையும் உண்டு. ட்ராக்ஸ் மின்நிலையம் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வரும் மரத்துகள் கட்டிகளை எரிக்கிறது. புகைபோக்கியில் வருவது பூஜ்யம் என்று எழுதிக்கொள்கிறார்கள், மரம் மறுபடி வளருமாம். சீனாவில் செய்து வாங்கும் பொருளின் புகை சீனாவின் பேரேட்டில். இதையெல்லாம் கழித்துவிட்டுத்தான், 1990இல் விட்ட புகையைப் பாதியாகக் குறைத்துவிட்டோம் என்கிறார்கள்.

மீதிப் பாதிதான் சிக்கல். சில டஜன் மின்நிலையங்களை மூடுவது வேறு, இரண்டு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளில் குளிர்காய எரியும் கேஸ் கொதிகலனைக் கழற்றுவது வேறு. அதற்கு உடைக்க ஒரு சங்கமும் இல்லை. வடகடலில் புதிதாக யோகமும் காத்திருக்கவில்லை. தற்செயலாகக் கிடைக்கிற புண்ணியம் தீர்ந்துவிட்டது. இனிமேல் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.