கால்வாவின் எச்-குறியீடு

கணிதர் எவரிஸ்த் கால்வா இன்று பேராசிரியர் பணிக்கு விண்ணப்பித்தால் நேர்முகத்துக்குக்கூட அழைப்பு வராது. 1832-இல், 20 வயதில், துப்பாக்கிச் சண்டையில் மாண்டவர். அதற்குள் அச்சேறியவை விரல்விட்டு எண்ணக்கூடிய சிறு கட்டுரைகள். இயற்பியலாளர் ஹிர்ஷ் 2005-இல் முன்வைத்த எச்-குறியீடு (தலா h முறையாவது மேற்கோள் காட்டப்பட்ட h கட்டுரைகள் இருந்தால் மதிப்பு h) கட்டுரைகளின் எண்ணிக்கையைத் தாண்டி ஏறாது என்பதால், இயற்கணிதத்தின் போக்கையே திருப்பியவரின் மதிப்பு ஒற்றை இலக்கத்தில் நின்றுவிடுகிறது. கால்வாவின் முக்கியக் கட்டுரையை 1831-இல் கணிதர் புவாசோன் புரியவில்லையென்று ஒதுக்கினார். லியூவில் என்ற கணிதர் அதை அச்சிட்டது 1846-இல். கணிதர் ஜோர்தான் விரிவாக விளக்கி நூல் எழுதியது 1870-இல். மேற்கோள்களை வைத்து இதழ்களை அளக்கும் தாக்கக் காரணியோ வழக்கமாக முந்தைய இரண்டே ஆண்டுகளின் கட்டுரைகளைத்தான் கணக்கில் எடுக்கும். அவசரக்காரர்களுக்கான தராசு அது.

மேதை விதிவிலக்கு, மற்றவர்களை அளக்க ஏதாவதொரு எண் வேண்டாமா என்பார்கள். வேண்டும்தான், எண் இருந்தால் கட்டுரையைப் படிக்கும் தொல்லை மிச்சம். (இயற்கணிதக் கட்டுரை வேறு, கேட்கவே வேண்டாம்.) ஆனால் கணிதத்தில் மேற்கோள்கள் குறைவு. நாலு பேர் கூடி ஒருவருக்கொருவர் மொய் எழுதிக்கொண்டாலே உச்சிக்குப் போய்விடலாம். அந்த மொய்க்கணக்கைச் சமாளிக்க முடியாமல்தான் 2023-இல், மேற்கோள்களைக் கணக்கிடும் கிளாரிவேட் நிறுவனம், அதிகம் மேற்கோள் காட்டப்பட்டோர் பட்டியலிலிருந்து கணிதத் துறையையே நீக்கிவிட்டது. இந்தப் பக்கமோ, கால்வா குலம், கால்வா கோட்பாடு என்று பக்கம்பக்கமாக எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் மூலக் கட்டுரையை அடிக்குறிப்பில் சேர்ப்பதே இல்லை. மேற்கோள் காட்டினாலும் யாரோ எழுதிய பாடநூலைத்தான் சேர்க்கிறார்கள், மேற்கோள் அந்த ஆசிரியர் கணக்கில் வரவாகிறது.