மலிவாக ஒரு மூஸ்

ஸ்காபரோ, ஆவணி மாதம்

அன்புள்ள மாமாவுக்கு,

உங்க குரல் பதிவு வந்துச்சு. "ஏன்டா மாப்பிள்ளை, அவ்வளவு தூரம் போய் எதையோ சுடுறதுக்கு, ரத்தோட்டைக்கு வந்து என் மரவள்ளியைக் கிண்டுற பன்றியைச் சுட்டுட்டுப் போயேன், செலவு மிச்சம்" என்று கேட்டிருந்தீங்க. பின்னால அத்தை சிரிச்சதும் பதிவாகியிருக்கு. தங்கச்சி எல்லாத்தையும் உங்ககிட்ட ஒப்பிச்சிட்டாள் போல. யானை சுடப் போறேன்னு ஊருக்குள்ளே கதை பரவுறதுக்கு முன்னாடி விசயத்தை எழுதிடுறேன்.

யானை இல்லை, மாமா, மூஸ். நம்ம மரையை மூணு மடங்கு ஊதி, மூக்கை மட்டும் தொங்க விட்டது மாதிரி ஒரு மிருகம். நல்லா வளர்ந்த ஆண் மூஸ் சுமார் ஐந்நூறு கிலோ இருக்குமாம். கூட வேலை செய்ற நாலு பேர் வருசா வருசம் ஒக்டோபரில் டிம்மின்ஸ் பக்கம் போறாங்க. இங்கேயிருந்து வடக்கே எழுநூறு கிலோமீற்றர் வரும், ஆனா மாகாணம் இதே ஒன்றாரியோதான். மாத்தளையை விட்டு அவ்வளவு தூரம் போனா நாம கடலுக்குள்ளேதான் நிப்போம். செலவை ஆளுக்கு ஆள் பிரிச்சுக்கிட்டா ரொம்ப மலிவுன்னு என்னையும் சேர்த்திருக்காங்க.

மலிவுன்னா எப்படின்னு கேளுங்க. முதல்ல துவக்குப் பாதுகாப்பு வகுப்பு, பரீட்சை. அப்புறம் வேட்டைக்காரர் வகுப்பு, அதுக்கொரு பரீட்சை. மாத்தளையில கணக்குப் பாடத்துக்குக்கூட நான் இவ்வளவு படிக்கல. பிறகு துவக்கு லைசன்ஸ். முதல் தடவை கேட்கிறவனுக்கு 28 நாள் கட்டாயக் காத்திருப்பு. கோபத்தில் வாங்க வந்தவனா இருந்தா அதுக்குள்ளே ஆறிடுவான்னு நினைக்கிறாங்களாக்கும். இதெல்லாம் முடிஞ்சாலும் மூஸ் கிடைச்சிடாது. அதுக்கு டேக்னு ஒரு அனுமதிச் சீட்டு வேணும், டேக்குக்கு விண்ணப்பம். கிடைக்காதவங்களுக்கு 2021 முதல் புள்ளி சேர்ந்துக்கிட்டே வரும், புள்ளி கூடக்கூட வாய்ப்பும் கூடும். நம்ம ஊர்ல வீட்டுத் திட்டத்துக்குப் பேர் பதிஞ்சிட்டுக் காத்திருக்கிறோமே, அந்த ஞாபகம்தான் வந்தது. ஆண் மூஸ் டேக்குக்கு மட்டும் 200 டொலர். நம்ம கூட்டத்தில் ஒருத்தருக்கு இந்த வருசம் விழுந்திருக்கு, அதை வச்சுத்தான் எல்லாரும் போறோம். பெற்றோல், தங்குமிடம், இறைச்சி வெட்டித் தர்றவன் கூலி எல்லாத்தையும் கூட்டிப் பார்த்தேன். மூஸ் விழுந்தாலும் ஒரு கிலோவுக்கு ஆகிற காசில் இங்கே கடையில் ஆட்டிறைச்சி வாங்கி விருந்தே வைக்கலாம். மிச்சத்தை வித்துக் காசாக்கலாம்னா, காட்டிறைச்சி விற்கிறது குற்றம்.

ஆனா என்னைத் தூங்க விடாதது செம்மஞ்சள் சட்டம்தான். துவக்கு வேட்டைக் காலத்தில் காட்டுக்குள்ளே நிக்கிற வேட்டைக்காரன் இடுப்புக்கு மேலே 400 சதுர அங்குலம் பளீர்னு செம்மஞ்சள் போட்டிருக்கணும். நாலு பக்கமும் தெரியணும், தலைக்கும் அதே நிறத்தில் தொப்பி. வகுப்பில் இதைக் கேட்டதும் வீட்டுக்கு வந்து தையல் டேப்பை எடுத்து என்னை நானே அளந்தேன். பார்க்க மெலிஞ்ச ஆளா இருந்தாலும் முன்பக்கம் வயிற்றுப் புண்ணியத்தில் தாராளமா தேறிடுச்சு. முதுகில் பையை மாட்டினா பின்பக்கம் காணாமப் போகுது. பையைக் கழற்றினா சாப்பாடு இல்லை. பைக்கு மேலேயும் செம்மஞ்சள் உறை போடலாம்னு ஒருத்தர் சொன்னார், உறை விலையைக் கேட்டுட்டு சாப்பாட்டையே விட்டுடலாமான்னு யோசிச்சேன். அப்புறம்தான் உங்க மருமகளோட செம்மஞ்சள் சேலை கண்ணில் பட்டது. ஆறு யார் நீளம், 45 அங்குல அகலம். கணக்குப் போட்டா 9,720 சதுர அங்குலம்! ஒரு சேலையில் 24 வேட்டைக்காரனைச் சட்டப்படி காட்டுக்கு அனுப்பலாம், முந்தானையில் தொப்பியும் தைக்கலாம். கத்திரிக்கோலைத் தேடும்போது பிடிபட்டுட்டேன். ஒளிர்கிற நிறம்தான் செல்லும், சாதாரணச் சாயம் செல்லாதுன்னு பிறகு தெரிஞ்சது, அதனால சேலை தப்பிச்சுது. இதில் வேடிக்கை, மூஸுக்கு அந்த நிறம் சரியாத் தெரியாதாம். தெரிய வேண்டியது பக்கத்துப் புதருக்குள்ளே துவக்கோட நிக்கிறவனுக்கு.

மலிவு வேட்டைன்னா வெள்ளைக்காரன் நம்ம நாட்டுக்கு வந்ததுதான், மாமா. மேஜர் ரோஜர்ஸ்னு ஒருத்தர் 1,400 யானைக்கு மேல சுட்டதாச் சொல்வாங்க. 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் விழுந்து செத்தார், நுவரெலியாவில் புதைச்சாங்க. அந்தக் காலத்தில் யானையைச் சுட்டவனுக்கு அரசாங்கமே சன்மானம் கொடுத்தது. நம்ம பாட்டன்மாரும் அதே காலத்தில்தான் மன்னாரில் இறங்கி, தம்புள்ளை தாண்டி மாத்தளைக்குக் காடு வழியா நடந்து வந்தாங்க. யானை, சிறுத்தை எல்லாத்தையும் துவக்கு இல்லாமலே பார்த்தாங்க. அவங்களுக்கு யாரும் சன்மானம் கொடுக்கல.

இங்கே பனிக்காலத்தில் விமானத்தில் பறந்து மூஸை எண்றாங்க. எண்ணிக்கையைப் பார்த்துத்தான் எத்தனை டேக் கொடுக்கிறதுன்னு முடிவாகும். நம்ம நாட்டில் 2025 மார்ச் 15, காலை எட்டு மணிக்கு அஞ்சு நிமிசத்தில் குரங்கு, மயில், அணில் எல்லாம் எண்ணச் சொன்னாங்களே! தினமும் கூரையில் ஆடுற கூட்டம் அன்னைக்கு எட்டே கால் வரைக்கும் வரலைன்னு நீங்க புலம்பினதை இங்கே வகுப்பில் சொன்னேன். யாரும் நம்பல.

காட்டில் என் வேலை என்ன தெரியுமா? கூப்பிடுறது. மரப்பட்டையைக் கூம்பாச் சுருட்டி வாயில் வச்சு, பெண் மூஸ் ஏங்குற மாதிரி ஊளையிடணும், ஆண் தேடி வருமாம். பழகிப் பார்க்கச் சொன்னாங்க, ஒரு கூவல் விட்டேன், வாகனத் தரிப்பிடத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. பரணில் தாத்தாவோட ராக்காவல் இருந்தவன் தொண்டை இல்லையா? இரண்டு மலைக்குக் கேட்குமே. அப்ப வராதே வராதேன்னு விடிய விடியத் தகரம் தட்டினோம். வெறுந்தேத்தண்ணியும் கருப்பட்டித் துண்டும் அத்தை கொடுத்தனுப்புவாங்க. இங்கே வா வான்னு கூப்பிடக் காசு கட்டியிருக்கேன்.

உண்மையைச் சொன்னா எனக்கு மூஸ் முக்கியமில்லை. அந்த நாலு பேரும் சாப்பாட்டு மேசையில் வருசம் முழுக்க இந்த ஒரு கிழமைக் கதையைத்தான் பேசுறாங்க. நான் பக்கத்தில் உட்கார்ந்து சோற்றைப் பிசைஞ்சுக்கிட்டுச் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்கிறேன். ஒரு தடவை கூடப் போயிட்டு வந்தா எனக்கும் சொல்ல ஏதாவது இருக்கும்.

அம்மாகிட்ட புரட்டாசி முடிஞ்ச பிறகுதான் போறோம்னு சொல்லுங்க. கந்தசஷ்டிக்கு முன்னாடி திரும்பிடுவேன். பன்றிக்கு என்ன செஞ்சாலும் கட்டுத்துவக்கு மட்டும் வைக்காதீங்க, விடியக் காலையில் பால் எடுக்கப் போறவன் காலைத்தான் அது பார்க்கும். இந்த வருச மிளகில் இரண்டு கிலோ யாராவது வந்தா கொடுத்தனுப்புங்க, இங்கே விற்கிறதில் காரமே இல்லை.

அன்புடன்,
உங்கள் மருமகன்

பி.கு: லைசன்ஸ் விண்ணப்பத்தில் வீட்டுக்காரி கையெழுத்துக்கும் ஒரு இடம் இருக்கு. துவக்கைப் பத்திரமா வைக்கணும்னு சட்டம், அலமாரியில் பூட்டி வைக்கிறதுதான் எனக்குச் சுலபம், ஆனா வீட்டில் பூட்டுள்ள அலமாரி ஒண்ணுதான், அது முழுக்கச் சேலை. பேச்சுவார்த்தை நடக்குது. அத்தையை ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்க, என் பக்கமா.