ஐடியா அண்ணாச்சி

விருதுநகர், சிவகாசிப் பக்கம் எந்த டீக்கடைக்குப் போனாலும் ஓர் ஐடியா அண்ணாச்சியைப் பார்க்கலாம். சட்டைப் பையில் மூன்று நிறப் பேனா. அதோடு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் படம் போட்டு நான்காக மடித்த காகிதம். அச்சகங்கள் நிறைந்த இந்தப் பக்கம் கழிவுத் தாளுக்குப் பஞ்சமில்லை. ஆகவே அவருடைய கண்டுபிடிப்புகளுக்கும் பஞ்சமில்லை.

"புதுசா என்ன அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டால் நாலாபக்கமும் பார்ப்பார். "வெளிய போயிரக் கூடாதுய்யா. ஐடியாவத் தூக்கிருவாய்ங்க" என்று குரலைத் தாழ்த்துவார். அந்தத் தாழ்ந்த குரல் எதிர்ப்பக்க பஸ் ஸ்டாப்பு வரை தெளிவாகக் கேட்கும்.

இந்த மாதச் சரக்கு, நள்ளிரவில் தன் தாளைத் தானே கிழித்துக்கொள்ளும் தினசரி காலண்டர். போன மாதச் சரக்கு இன்னும் பெரிது: சங்குசக்கரம் சுற்றும்போது மின்சாரம் எடுத்து, அந்த மின்சாரத்தாலேயே அதை ஓயாமல் சுற்றவிடுவது. இயற்கை விதிக்கு மாறானதைக் கண்டுபிடிப்பாகவே ஏற்க முடியாது என்று 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் மூன்றாம் பிரிவிலேயே சொல்கிறது. அதை எடுத்துச் சொன்னால், "அது சட்டத்துல உள்ள கோளாறுய்யா" என்பார்.

2018இல் உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியத்தையும், கூடவே சரவெடியையும் தடைசெய்தபோது ஊரே கலங்கியது. அடுத்த ஆண்டு நாக்பூரில் உள்ள நீரி (NEERI) சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனத்தின் பார்முலாவில் பசுமைப் பட்டாசு வந்தது. அண்ணாச்சி மட்டும் சிரித்தார். "புகை கம்மியா புஸ்வாணம்னு இதே பெஞ்சுல உக்காந்து சொன்னேன். நாக்பூர்க்காரன் காதுல எப்பிடி விழுந்துச்சோ!"

பக்கத்தில் இருக்கும் பட்டாசு ஆலை போர்மேன் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்: "செஞ்சு பாத்தீகளா?" அதோடு பேச்சு மழைக்குத் திரும்பிவிடும். உரிமம் இல்லாமல் வெடிமருந்தைத் தொடக்கூடாது. குளோரேட்டோடு கந்தகம் கலக்க 1992 முதலே தடை. மருந்து விஷயத்தில் அண்ணாச்சி வாயோடு நிற்பது ஊர் செய்த புண்ணியம். ஆனால் காலண்டரையும் அவர் செய்து பார்க்கவில்லை. அதில் வெடிக்க என்ன இருக்கிறது?

முன்னோடிகளாக அவர் சொல்வது அய்ய நாடாரையும் சண்முக நாடாரையும். "அவுகளும் என்னைய மாதிரி யோசிச்சவுகதான்." யோசித்தார்கள், உண்மை. யோசித்த கையோடு 1922இல் கல்கத்தாவுக்கு ரயில் ஏறி, தீப்பெட்டித் தொழிலைப் பழகி வந்து, மறு ஆண்டே சிவகாசியில் தொடங்கினார்கள். அவர்கள் கொண்டுவந்தது உலகம் ஏற்கெனவே அறிந்த தொழில். அதைக் கரிசல் மண்ணில் ஓடவைத்ததுதான் சாமர்த்தியம். அண்ணாச்சி ஏறியது சாத்தூர் பஸ், அதுவும் சேவு வாங்க.

அடுத்த உதாரணம் ராஜபாளையம் பக்கத்து ராமர் பிள்ளை. "1996ல மூலிகைப் பெட்ரோல்னு சொன்னதும் நாடே வாயைப் பொளக்கலையா?" பிளந்தது. 2016இல் சென்னை நீதிமன்றம் மோசடி என்று மூன்றாண்டுச் சிறைத் தண்டனை விதித்ததையும் நினைவூட்டினால், "டீ ஆறுதுய்யா" என்பார்.

வேடிக்கை என்னவென்றால், சட்டம் காப்பது ஊருக்குச் சொல்வதற்கு முன்னால் பதிவாகும் ஐடியாவை. தனிநபர் ஒருவர் இணையத்தில் 1,600 ரூபாய் கட்டித் தற்காலிக விண்ணப்பம் போட்டால், முழு விவரம் கொடுக்க 12 மாதம் அவகாசம் உண்டு. காப்புரிமை கிடைத்துவிட்டால், விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு அவர் ராஜ்யம். ஏன் பதியவில்லை என்று அண்ணாச்சியைக் கேட்டால், "அவுககிட்ட குடுத்தா வெளிய போயிரும்" என்கிறார். டீ மாஸ்டருக்குத் தெரியும், பரோட்டாக் கடைக்காரருக்குத் தெரியும், பஸ் கண்டக்டருக்குத் தெரியும். தெரியாத ஒரே இடம் கிண்டியில் இருக்கும் காப்புரிமை அலுவலகம்.

உங்கள் ஊரிலும் ஓர் ஐடியா அண்ணாச்சி இருப்பார். பொறுமையாகக் கேளுங்கள், டீக்கும் காசு கொடுங்கள். கூட்டுக்குக் கூப்பிட்டால் மட்டும், 1,600 ரூபாய் கட்டிய ரசீதைக் காட்டச் சொல்லுங்கள்.